பத்தமடைப் பாய் வாங்கப் போகிறீர்களா? சுவரில் மாட்டாதீர்கள், விரித்துப் படுங்கள்

பத்தமடைப் பாய் வாங்கலாமா, அத்தனை விலை தகுமா என்று கேட்டு எனக்கு அடிக்கடி போன் வரும். அம்மா பிறந்தது அம்பாசமுத்திரம் என்பதால் எங்கள் சொந்தத்தில் யாருக்குக் கல்யாணம் என்றாலும் பாய் எடுக்கிற பொறுப்பு என் தலையில்தான் விழும். எனக்கு ரொம்பப் பிடித்த வேலை அது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதை இங்கே மொத்தமாக எழுதிவிடுகிறேன். பாய் நெய்கிற கோரைப் புல், தறி, கடை, விலை எல்லாம் சேர்ந்தால்தான் எந்தப் பாய் உங்கள் வீட்டுக்குச் சரிப்படும் என்று தெரியும், அதனால் கொஞ்சம் நீளமாகவே போகும்.

அவசரத்தில் இருப்பவர்களுக்கு முதலிலேயே முடிவைச் சொல்லிவிடுகிறேன். படுக்க, உட்கார, பிள்ளையைக் கிடத்த என்றால் பத்தமடையில் கையால் நெய்த சாதாரணப் பாயை, அதிலும் நெசவு நெருக்கமாக இருப்பதாகப் பார்த்து, யோசிக்காமல் வாங்குங்கள். கோரையை நூல் நூலாக வகிர்ந்து நெய்கிற மெல்லிசான பட்டுப்பாய் வேண்டுமென்றால் ஆர்டர் கொடுத்து, காத்திருந்து, கேட்ட விலையைப் பேரம் பேசாமல் கொடுங்கள். வெளியூர்க் கடையிலோ ஆன்லைனிலோ 'பத்தமடை' என்று பெயர் போட்டு விற்பதைத் தொட்டுப் பார்க்காமல் மட்டும் வாங்கவே வாங்காதீர்கள்.

ஊர் எங்கே இருக்கிறது என்று தெரியாதவர்களுக்கு: திருநெல்வேலியில் பாபநாசம் பஸ் ஏறினால் முன்னீர்பள்ளம், மேலச்செவல் எல்லாம் தாண்டி, சேரன்மகாதேவிக்குக் கொஞ்சம் முன்னால் வரும். வழியெல்லாம் வயலும் வாழையும், கன்னடியன் கால்வாய்த் தண்ணீரும்தான். ரிஷிகேஷ் சிவானந்த சுவாமிகள் 1887-இல் பிறந்தது இந்த ஊரில்தான், அதற்காக வருகிறவர்களும் உண்டு. பாய் நெய்கிறவர்கள் பெரும்பாலும் லெப்பை முஸ்லிம் குடும்பங்கள், தறியில் உட்காருகிறவர்கள் அநேகமாகப் பெண்கள். மெயின் ரோட்டில் பாய்க் கடைகள் இருக்கின்றன, ஆனால் நெசவு நடப்பது உள்தெருக்களில், வீட்டுக்குள். கடையில் பாயைப் பார்த்துவிட்டு அப்படியே பஸ் ஏறிவிடாதீர்கள். தறி பார்க்கலாமா என்று கேளுங்கள். நான் கேட்டபோதெல்லாம் யாராவது ஒருவர் கூடவே வந்து ஒரு வீட்டில் விட்டிருக்கிறார்.

ஒரு வீட்டில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். முன்கட்டில் தரையோடு தரையாகப் பாவு, அதாவது நீளவாக்கில் ஓடுகிற நூல், இழுத்துக் கட்டியிருந்தார்கள், இரண்டு முனையிலும் மூங்கில். நடுவில் துளை போட்ட மர அச்சு, அதைத் தாங்க மூங்கில் முட்டு. நெய்த பாகத்தின் மேலேயே அந்த அம்மா உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஈரத்துணியில் சுற்றிய கோரைக் கட்டு. அதிலிருந்து ஒரு இழையை உருவி, நீளமான குச்சியின் முனையில் கோத்து, பாவு நூலுக்கு இடையே அந்தக் கரைக்குத் தள்ளிக் குச்சியை மட்டும் இழுத்துக்கொள்வார். கோரை உள்ளே நிற்கும். அச்சை இழுத்து ஒரு தட்டு. அப்புறம் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் நுனியை விரலால் மடக்கிக் கரை நூலோடு முறுக்கிவிட்டு அடுத்த இழை. ஒரு பாய்க்கு இப்படி எத்தனை ஆயிரம் தடவை என்று நினைத்துப் பாருங்கள். பேசிக்கொண்டேதான் நெய்தார், ஆனால் இழை எடுக்கும்போது மட்டும் பேச்சு நின்றுவிடும், ஏனென்றால் தடிமன் ஒத்துப்போகிற இழையைக் கட்டிலிருந்து கண்ணாலேயே தேட வேண்டும். ஒன்று பருமனாகப் போய்விட்டால் அந்த இடத்தில் வரி தெரியும். அப்படி ஒன்றைத் தட்டிய பிறகு கண்டுபிடித்துப் பிரித்து எடுத்ததையும் பார்த்தேன், எனக்கு அதில் குறை எதுவுமே தெரியவில்லை.

நெசவாவது நாம் உட்கார்ந்து பார்க்கிற வேலை. அதற்கு முன்னால் நடப்பது யார் கண்ணிலும் படுவதில்லை, பாயின் தரம் பாதி அங்கேதான் இருக்கிறது. தாமிரபரணிக் கரையிலும் வாய்க்கால் ஓரத்திலும் வளர்கிற கோரையைப் பச்சையாக இருக்கும்போதே அறுக்க வேண்டும், முற்றினால் உடையும். கிழித்து, காயவைத்து, பட்டுப்பாய்க்கு என்றால் கட்டுக் கட்டாக ஓடுகிற தண்ணீரில் ஒரு வாரம் போலப் போட்டு ஊற வைப்பார்கள். ஊறி உப்பிப்போன கோரையை மறுபடி காயவைத்து, உள்ளே தக்கை மாதிரி இருக்கும் சோற்றை எடுத்துவிட்டு, மேல் தோலை மட்டும் சின்னக் கத்தியால் நூல் நூலாக வகிர்வார்கள். சாதாரணப் பாய்க்கு இவ்வளவு மெல்லிசாக வகிர வேண்டியதில்லை. பட்டுப்பாயில் பட்டு நூல் போட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டு வருகிறவர்கள் நிறையப் பேர். அந்த மினுமினுப்பு முழுக்கக் கோரையுடையது. பாவு பருத்தி நூல்.

சாயம் பற்றியும் கேட்டுக்கொள்ளுங்கள். பழைய நாளில் சிவப்புக்குச் சப்பாங்கட்டையைக் காய்ச்சி எடுத்த சாயம். இப்போது பெரும்பாலும் கடைச் சாயம்தான். சிவப்பும் பச்சையும் கறுப்பும் சேர்த்து ஓரத்தில் கட்டம் போட்டது ரொம்ப நாளாக வருகிற மாதிரி. எனக்குப் பிடித்தது சாயமே இல்லாத நடுப்பாகமும் ஓரத்தில் மட்டும் சிவப்புக் கரையும். சாயம் போடாத கோரை முதலில் லேசான பச்சை கலந்து இருக்கும், புழங்கப் புழங்கப் பொன் நிறத்துக்கு வரும். அந்த நிறம் புதுப்பாயில் கிடையாது, நீங்கள் படுத்துப் படுத்துத்தான் வரவழைக்க வேண்டும்.

சரி, தரத்துக்கு வருவோம். கடையில் நுழைந்தால் எத்தனை 'கவுண்ட்' என்று கேட்பார்கள். பாவு நூலின் நெருக்கத்தை வைத்துச் சொல்கிற கணக்கு அது. சாதாரணப் பாய் 40, 50 என்று இருக்கும், பட்டுப்பாய் 100-க்கு மேல், 120, 140 வரை. எண் கூடக் கூடக் கோரையும் மெல்லிசாகிக்கொண்டே போகும், நெய்கிற நாளும் கூடும். சாதாரணப் பாய் ஓரிரு நாளில் தறியிலிருந்து இறங்கும். ஆள் படுக்கிற அளவு பட்டுப்பாய்க்கு ஒரு மாதத்துக்கு மேலேயே ஆகிவிடும். நல்ல பட்டுப்பாயைப் பட்டுப்புடவை மாதிரி மடித்துப் பைக்குள் வைத்துவிடலாம், விரித்தால் கோரை ஒடிந்திருக்காது. இதை நீங்கள் கேட்காமலேயே கடைக்காரர் செய்து காட்டுவார். 1953-இல் எலிசபெத் மகாராணியின் முடிசூட்டுக்கு இங்கேயிருந்து பாய் போனது என்று ஊரில் எல்லாரும் சொல்வார்கள். அப்படிப் போன பாய் இந்த ரகம்தான் என்று சொல்லி அதே போல ஒன்றை எடுத்து விரிப்பார்கள். தடவிப் பாருங்கள், உள்ளங்கைக்கு எந்த மேடும் பள்ளமும் தட்டாது.

இப்போது என் குறைக்கு வருகிறேன். இந்தப் பட்டுப்பாயை வாங்குகிறவர்களில் பாதிப் பேர் அதற்குச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிவிடுகிறார்கள். எனக்கு அது மனசு ஆறவில்லை. கோரை காற்றுப் பட, கை பட, உடம்பு பட இருக்க வேண்டியது. கண்ணாடிக்குள் அடைத்தால் மழைக்காலத்தில் ஈரம் உள்ளேயே தங்கிக் கரும்புள்ளி விழுகிறது, பார்த்திருக்கிறேன். கல்யாணத்துக்கு மாப்பிள்ளை பெண் பெயரும் தேதியும் போட்டு நெய்த பாய் என்றால் இன்னும் மோசம், அதைப் பொக்கிஷம் என்று பீரோவுக்குள் வைத்து, பத்து வருஷம் கழித்து எடுத்தால் மடிப்பில் நிறம் மாறியிருக்கும். என் அத்தை வீட்டில் கல்யாணப் பாயைத்தான் மதியம் தூங்க விரிப்பார்கள். நாங்கள் எல்லாரும் அதில் படுத்து உருண்டு வளர்ந்தவர்கள். மாமா பெயரின் கடைசி எழுத்து தேய்ந்துபோயிருக்கிறது, மற்றபடி பாய் கல்லு மாதிரி இன்றும் இருக்கிறது.

படுத்துப் பார்த்த அனுபவம் என்று கேட்டால், நெல்லைச் சித்திரை வெயிலில் கரண்ட் போன ராத்திரியில் பிளாஸ்டிக் பாயில் படுத்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. முதுகு ஒட்டும், புரண்டால் உரியும். கோரைப் பாயில் வேர்வை தங்குவதில்லை, அடியில் தரையின் குளுமை மேலே வரும். உடல் சூட்டைத் தணிக்கும் என்று பெரியவர்கள் சொல்வதற்கெல்லாம் நான் போகவில்லை. வேர்த்து எழுந்திருக்காமல் விடியும் வரை தூங்கலாம், எனக்கு அது போதும். கைக்குழந்தை வைத்திருப்பவர்கள் சாதாரணப் பாயை வாங்கி மேலே பழைய வேட்டியை விரித்துப் போடுங்கள். முழங்கால் வலி உள்ளவர்களுக்குத் தரையில் படுத்து எழுவது சிரமம், அவர்கள் கட்டிலில் மெத்தைக்கு மேலே இதை விரித்துக்கொள்ளலாம். எங்கள் அம்மா இப்போது அப்படித்தான் படுக்கிறார், பட்டுப்பாய் அதற்கு நன்றாக வளைந்து கொடுக்கிறது.

போலிகள் விஷயம். கரூர், முசிறி பக்கமெல்லாம் காவிரித் தண்ணீரில் கோரையைப் பயிராகவே போடுகிறார்கள், மெஷின் தறியில் பாய் நெய்து ஊர் ஊராக அனுப்புகிறார்கள். அதுவும் உண்மையான கோரைதான், விலை குறைவு, அன்றாடப் புழக்கத்துக்கு நல்ல பாய். அதை அதன் பெயரிலேயே விற்றால் எனக்கு ஒரு மனத்தாங்கலும் இல்லை. 'பத்தமடைக் கைநெசவு' என்று சீட்டு ஒட்டி மூன்று மடங்கு விலைக்கு விற்கும்போதுதான் வயிறு எரிகிறது. போன வருஷம் என் தோழி ஒரு ஆன்லைன் கடையில் வாங்கியதைக் கொண்டுவந்து காட்டினாள். பாவு முழுக்க நைலான் இழை, ஓரம் துணிவைத்துத் தைத்தது. நெல்லையப்பர் கோயில் கோபுரப் படம் போட்ட அட்டைப் பெட்டி மட்டும் பிரமாதம். பத்தமடைப் பாய்க்குப் புவிசார் குறியீடு இருக்கிறது, அந்தப் பெயரை வேறு எதற்கும் போடக் கூடாது. போடுகிறவர்களை யார் பிடிப்பது?

நீங்களே பார்த்துக்கொள்ள வழி இருக்கிறது. பாவு நூலை நகத்தால் நெருடுங்கள். பருத்தி என்றால் மென்மையாக நார் பிரியும், நைலான் வழுக்கும். ஓரத்தைப் பாருங்கள், கைப்பாயில் கோரை நுனி கரையில் மடங்கி முறுக்கியிருக்கும். பாயைத் தூக்கி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் மெஷின் பாயில் இழைகள் ஒரே சீராக இருக்கும், கைப்பாயில் அங்கங்கே லேசான ஏற்ற இறக்கம் இருக்கத்தான் செய்யும். நல்ல பட்டுப்பாயில் அதைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். கடைசியாக, சாயம் போட்ட இடத்தை ஈர வெள்ளைத் துணியால் ஒரு தடவை துடையுங்கள். நிறம் ஏறினால் வேறு பாய் கேளுங்கள், இல்லையென்றால் உங்கள் தலையணை உறையில் சிவப்பு வரும். பத்தமடையிலேயே வாங்கிய பாயிலும் எனக்குச் சாயம் ஒட்டியிருக்கிறது. இந்த ஊர்ப் பாயிலேயே எனக்கு உள்ள ஒரே உண்மையான புகார் இதுதான். சாயத்தை இன்னும் கொஞ்சம் கவனித்தால் இதற்கு ஈடு எங்கேயும் இல்லை.

விலையைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும், இந்தப் பதிவை எழுதவே அதுதான் காரணம். சாதாரணப் பாய் சில நூறு ரூபாயில் தொடங்கும். பட்டுப்பாய் கவுண்ட்டையும் அளவையும் வேலைப்பாட்டையும் பொறுத்துப் பல ஆயிரம். ஆயிரக்கணக்கில் ஒரு பாயா என்று கடையிலேயே சத்தம் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு மாத உழைப்பு என்று வைத்து, கோரை வாங்கிய காசு, நூல், சாயம், கடைக்காரர் பங்கு எல்லாம் கழித்துப் பாருங்கள், நெய்தவர் கையில் ஒரு நாளைக்கு எவ்வளவு மிஞ்சும்? கட்டட வேலைக்குப் போகிற சித்தாளின் கூலிகூட அதைத் தாண்டிவிடும்.

திருநெல்வேலிப் பக்கம் பெண்களுக்கு வீட்டிலிருந்தபடியே செய்கிற இன்னொரு வேலை பீடி சுற்றுவது. மேலப்பாளையம், முக்கூடல், இந்தப் பக்கத்து ஊர்கள் எல்லாம் முறத்தில் இலையும் தூளும் இல்லாத தெருவே கிடையாது. பீடித் தொழிலாளிக்கு 1966-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. அட்டை உண்டு, பி.எஃப். உண்டு, வாரம் முடிந்தால் கூலி. புகையிலைத் தூள் நெஞ்சுக்கு ஆகாது என்று அவர்களுக்கே தெரியும். நான் சொன்ன அந்த அம்மாவிடம், "உங்க மக நெய்வாளா?" என்று கேட்டேன். "அவளுக்கு நல்லா வரும்மா, கையி நல்லா ஓடும். ஆனா பீடின்னா வாரம் பொறந்தா காசு. பாயி வித்தாத்தானே காசு" என்றார். வேறு விளக்கமே வேண்டாம். பெண்களுக்குக் கலை மேல் ஆசை போய்விட்டது, இளைய தலைமுறைக்குப் பொறுமை இல்லை என்றெல்லாம் எழுதுகிறவர்கள் அந்த வீட்டுக்குள் போய் ஒரு நிமிஷம் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். பொறுமை தாராளமாக இருக்கிறது, சம்பளம்தான் இல்லை. அதனால்தான் பேரம் பேசாதீர்கள் என்று ஒவ்வொருவரிடமும் சண்டை போடாத குறையாகச் சொல்கிறேன். ஐந்நூறு ரூபாய் குறைத்துவிட்டேன் என்று நீங்கள் சந்தோஷப்படும்போது அந்த ஐந்நூறு கடைக்காரர் பையிலிருந்து போவதில்லை.

கடைகளைப் பற்றி: எந்தக் கடை என்று பெயர் சொல்லச் சொல்வார்கள், நான் சொல்லப் போவதில்லை, எல்லாக் கடைக்கும் பாய் வருவது அதே தெருக்களிலிருந்துதான். உபசரிப்பு எங்கே போனாலும் நன்றாகவே இருக்கும். வாங்காவிட்டாலும் பத்துப் பாயை விரித்துக் காட்டுவார்கள், டீ வரும். ஒரு கடைக்காரரிடம் 120 கவுண்ட் என்று சொன்ன பாயைப் பார்த்து, "அண்ணே, இது அவ்வளவு வராது போலிருக்கே" என்றேன். அவர் கோபப்படாமல் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்து, "ஆமாம்மா, இது நூறுதான், மாத்தி ஒட்டிட்டாங்க" என்று விலையையும் குறைத்தார். நேரில் போக முடியாதவர்கள் தமிழக அரசின் கைவினைப் பொருள் கடைகளான பூம்புகார் கடைகளில் பாருங்கள், அங்கேயும் பத்தமடைப் பாய் வைத்திருப்பார்கள், ஆனால் தேர்ந்தெடுக்க நிறைய இருக்காது. பெண்கள் சுய உதவிக் குழுவாகச் சேர்ந்து நெய்வதும் உண்டு, அவர்களிடமே வாங்க வாய்த்தால் முதலில் அங்கே போங்கள்.

பாய் தவிர இப்போது பை, பர்ஸ், சாப்பாட்டு மேசை விரிப்பு, யோகா பாய் எல்லாம் செய்கிறார்கள். மேசை விரிப்பு நன்றாக இருக்கிறது, சாம்பார் சிந்தினால் உடனே துடைத்துவிட வேண்டும், அவ்வளவுதான். பைகள் பார்க்க அழகு, ஆனால் மடிகிற இடத்தில் கோரை சீக்கிரம் விட்டுவிடுகிறது, ஜிப் தரமும் போதாது. பரிசு கொடுக்க மலிவாக ஏதாவது வேண்டுமென்றால் பைக்குப் பதில் சின்ன ஆசனப் பாய் வாங்குங்கள், பூஜைக்கும் தொழுகைக்கும் குழந்தை உட்கார்ந்து படிக்கவும் ஆகும், விலையும் கையைக் கடிக்காது.

பராமரிப்பு பெரிய வேலை இல்லை. தண்ணீரில் நனைத்துக் கழுவக் கூடாது, லேசான ஈரத்துணியால் இழை போகிற வாக்கில் துடைத்து நிழலில் உலர்த்துங்கள். மடிக்காமல் சுருட்டி நிறுத்தி வையுங்கள். பட்டுப்பாய்க்கும் இதுதான் நல்லது, மடிக்க முடியும் என்பதற்காக எப்போதும் ஒரே இடத்தில் மடித்தால் அந்த மடிப்பில்தான் முதலில் நூல் விடும். ஐப்பசி, கார்த்திகையில் வாரம் ஒரு தடவையாவது விரித்துப் போடுங்கள், மாடியில் இளவெயில் காட்டினால் இன்னும் நல்லது. சுருட்டி மூலையில் வைத்து மறந்தால் பூஞ்சை நிச்சயம். நாய், பூனை நகம் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், எங்கள் வீட்டுப் பூனைக்கு இதன் ஓரத்தைப் பிறாண்டுவதில் அப்படி ஒரு ஆனந்தம்.

கல்யாணப் பாய் ஆர்டர் கொடுப்பவர்களுக்கு ஒரு விஷயம். முகூர்த்தத்துக்கு இரண்டு மாதம் முன்பே சொல்லிவிடுங்கள், தை, ஆவணி முகூர்த்தம் என்றால் அதற்கும் முன்னால். மழை பிடித்துக்கொண்டால் கோரை காயாது, நாள் தள்ளும், அதற்கு யாரையும் திட்டி லாபமில்லை. முன்பணம் பாதியாவது கொடுங்கள், கோரையும் நூலும் அந்தக் காசில்தான் வாங்குவார்கள். பெயரை வாட்ஸ்அப்பில் ஆங்கிலத்தில் அனுப்பாமல் தாளில் தமிழில் பெரிதாக எழுதிக் கொடுங்கள். நெசவில் வளைவு எல்லாம் படிப்படியாகத்தான் இறங்கும், அதனால் 'ழ', 'ஞ' போன்ற எழுத்து வருகிற பெயருக்கு அளவை ஒரு விரல் பெரிதாக வைக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் எழுத்து அடைத்துக்கொள்ளும். ஆரம்பிக்கும் முன் கட்டத்தாளில் போட்டுக் காட்டச் சொல்லி ஒருமுறை பார்த்துவிட்டால் போதும், அப்புறம் அந்த அம்மாக்கள் பார்த்துக்கொள்வார்கள்.